கல்யாண வீட்டு ஜினியாவும் ஒரு சொம்புத் தண்ணியும்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளே, அம்மணிகளே, கோடையில் தொட்டிச் செடி எதனால் சாகிறது என்று கேட்டால் நீங்கள் எல்லாரும் ஒரே குரலில் வெயில் என்கிறீர்கள். போன வாரம் நர்சரிக்கு வந்தபோதும் அப்படித்தான் சொன்னீர்கள். அங்கேயே திட்டியிருப்பேன். அதற்குள் டீ வந்துவிட்டது, விட்டுவிட்டேன்.

வெயிலுக்கென்றே பிறந்த பூக்கள் இருக்கின்றன. ஜினியா, கோழிக்கொண்டை, வாடாமல்லி, பத்துமணிப் பூ, நித்தியகல்யாணி. சித்திரையில் தார் ரோடு இளகி செருப்பைப் பிடித்து இழுக்கும் நேரத்தில் இவை பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருக்கும். விதைத்து, பூத்து, காய்ந்து, இவற்றில் பலவற்றுக்கு ஒரே பருவத்தில் கதை முடிந்துவிடும். அந்த ஒரு பருவத்தையும் வெயிலிலேயே கழிக்கத் துணிந்து வந்தவை. இவற்றை வெயிலால் கொல்ல முடியாது. நல்ல மனசுக்காரர்களால்தான் முடியும். நம் கோயமுத்தூர்ப் பக்கம் நல்ல மனசுக்காரர்களுக்குப் பஞ்சம் கிடையாது, அதுதான் நம் தொழிலுக்கு வந்த சோதனை.

நான் நர்சரியை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டு முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்ன உரம், எந்த மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் போனிலேயே கிடைக்கும். அதை என்னிடம் கேட்காதீர்கள். கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் நான் பட்ட பாடு எந்தப் போனிலும் கிடைக்காது. அதைச் சொல்கிறேன்.

அந்த வீட்டுக்காரரைக் குழந்தைவேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்னந்தோப்புக்காரர். எவ்வளவு நல்லவர் என்றால், அவர் வாயிலிருந்து ‘முடியாது’ என்ற சொல் வந்து ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. காய் வாங்க வருபவன் அடிமாட்டு விலை கேட்டால் “செரிங்க” என்பார். பக்கத்துத் தோட்டக்காரர் வரப்பைத் தள்ளிப் போட்டால் “போச்சாதுங்க, உடுங்க” என்பார். அப்படிப்பட்டவருடைய ஒரே மகள் சௌமியா. கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வைகாசி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு நர்சரிக்கு வந்தாள்.

“ஏனுங்கக்கா, எங்க தோட்டத்துக் களத்துலதான் பந்தல் போடறாங்க. கேட்டுல இருந்து பந்தல் வரைக்கும் ரெண்டு பக்கமும் தொட்டியில பூச்செடி இருக்கோணுங்க. உசுரோட இருக்கற பூ. ஒரு பிளாஸ்டிக் பூகூடக் கண்ணுல படக்கூடாதுங்க.”

“கத்திரி வெயில்ல கேக்கற பாத்தியா கண்ணு” என்றேன்.

“வேற எதையும் நான் கேக்கலீங்க. களத்துல வைக்கறது பெரியப்பா முடிவு. சேலைக் கலரு அத்தை முடிவு. பத்திரிக்கையில மயிலு போட்டது சித்தப்பா முடிவு. யாரு என்ன சொன்னாலும் அப்பா செரின்னுட்டாங்க. இந்தப் பூ ஒண்ணுதானுங்க என்னோடது.”

நான் குழந்தைவேலைப் பார்த்தேன். அவர் என் நர்சரியையே முதல்முறை பார்ப்பவர் போலச் சுற்றிப் பார்த்துக்கொண்டு, “வெச்சுக்கலாமுங்க” என்றார். மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இதைத்தான் சொன்னேன் என்று அதில் எழுதியிருந்தது.

அந்த ‘வெச்சுக்கலாமுங்க’வின் லட்சணம் தோட்டத்துக்குப் போன அன்றே தெரிந்துவிட்டது. சௌமியாவின் தாய்மாமன் அங்கே இருந்தார். மோட்டார் பம்ப் வியாபாரம், வெள்ளைச் சட்டை, பெரிய குரல், தங்கமான குணம். நம் பக்கத்துக் கல்யாணத்தில் தாய்மாமன் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். சீர் அவருடையது, உரிமை அவருடையது, அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. அவர் ஏற்கெனவே வாசலுக்கு ஓர் ஆர்ச் சொல்லி வைத்திருந்தார். பிளாஸ்டிக் ரோஜா வளைவு, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குத் தெர்மாகோல் மயில்.

“நம்ம அம்மணி ஆசைப்படுதுங்க, செடி வெக்கட்டும்” என்றார் மாமன். “நல்லா வந்துதுன்னா நல்லதுங்க. வரலீன்னாலும் வெசனப்படாதீங்க. மயிலு ரெடியா இருக்குதுங்க. ஏனுங்க மச்சான்?”

“வெச்சுக்கலாங்க மச்சான்” என்றார் குழந்தைவேல்.

செடிக்கும் அதே சொல், மயிலுக்கும் அதே சொல். சௌமியா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். மாதிரிக்கு நான் கொண்டுபோன செடிகளில் நித்தியகல்யாணியும் இருந்தது. கோடைத் தொட்டிக்கு அதை மிஞ்சிய பூ கிடையாது. சௌமியாவின் அம்மா அதைப் பார்த்து, “நல்லாத்தான் இருக்குதுங்க” என்றார். சொல்லிவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டார். அந்தச் செடி நம் ஊர்ச் சுடுகாட்டில் தானாக மண்டிக் கிடக்கும், அதனால் பெரியவர்கள் கல்யாண வீட்டில் வைக்கச் சம்மதிக்க மாட்டார்கள். ஆனால் வீடு தேடி வந்தவளிடம் அதை எப்படி முகத்துக்கு நேராகச் சொல்வது? சொல்ல மாட்டார்கள். கடைசி வரைக்கும் சொல்லாமல், கல்யாணத்தன்று அந்தத் தொட்டியை மட்டும் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். ஆகவே ‘நல்லாத்தான் இருக்குதுங்க’ என்று காதில் விழுந்தால் ஏன் எதற்கு என்று கேட்காமல் செடியைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிடுங்கள். நான் ஏற்றிவிட்டேன். ஜினியாதான் என்று முடிவாயிற்று, நடுநடுவே கோழிக்கொண்டை.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னதாகவே தொட்டிகளைக் கொண்டுபோய் இறக்கினோம். புது இடத்தின் காற்றும் வெயிலும் செடிக்குப் பழக வேண்டும். கேட்டிலிருந்து பந்தல் வரைக்கும் இரண்டு வரிசை. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், ரோஸ். சௌமியா லீவு போட்டுவிட்டு வந்து ஒவ்வொரு தொட்டியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். காலையில் ஒருமுறை வேரோரமாகத் தண்ணீர் விட்டால் போதும், அதையும் எங்கள் ஆள் வந்து பார்த்துக்கொள்வான், வீட்டில் யாரும் சிரமப்பட வேண்டாம் என்று எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நம்பிக் கோயமுத்தூருக்கு வந்து வேறு வேலையைப் பார்த்தேன்.

பிறகு ஒருநாள் சௌமியாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. கேட்டோரத்து ஜினியாக்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இலை மஞ்சளாக, துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களைப்போல இருந்தன. எழுத்து எதுவும் இல்லை, போட்டோ மட்டும். அதன் பின்னாலேயே மாமனின் குரல் வந்தது. “ஏனுங்கக்கா, வெயிலு நெம்ப ஓவருங்க, செடியெல்லாம் தாங்காதுங்க. போச்சாதுங்க, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. மயிலக் கொண்டாரச் சொல்லிப்போட்டேனுங்க.”

எனக்கு வந்த கோபத்தில் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் ஒரு விநோதம். கேட்டை ஒட்டிய தொட்டிகள் படுமோசம். அடுத்தவை சுமார். உள்ளே போகப் போக நன்றாக இருக்கின்றன. பந்தலோரத்தில் இருப்பவை சிரித்துக்கொண்டு நிற்கின்றன. ஒரே நாளில் வைத்த ஒரே செடி. தலைக்கு மேல் ஒரே வெயில்.

“ஏனுங்க, கேட்டுகிட்ட மட்டும் வெயிலு எச்சா அடிக்குதுங்களா?” என்று மாமனைக் கேட்டேன்.

அவர் யோசித்தார். “கேட்டு இரும்புங்க” என்றார். “சூட்ட வாங்கிச் செடி மேல அடிக்குதுங்க.”

மோட்டார் வியாபாரி அல்லவா, ஒரு காரணம் கண்டுபிடிக்காமல் விட மாட்டார்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. செடி சரியில்லை என்றால் செடியைப் பார்க்கவே மாட்டார், நேரே தொட்டி மண்ணில் விரலை விடுவார். பழக்க தோஷத்தில் ஓட்டலில் பொங்கல் வந்தாலும் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். கூட உட்கார எங்களுக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் அந்த விரலால்தான் இத்தனை வருடம் நான் பிழைத்தேன். அன்றைக்கும் விட்டேன். மேலே காய்ந்த பொடி. அதற்குக் கீழே சேறு. நாற்றம் வேறு.

நம் பக்கத்துத் தொட்டிக் கலவையில் பாதிக்குமேல் தென்னை நார்க்கழிவு. அதன் குணம் அப்படி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்தால் மேல்பக்கம் உடனே வெளுத்துக் காய்ந்துவிடும். அடியில் தண்ணீரைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். மேலே பார்ப்பவர்களுக்கு, தினமும் வரும் எங்கள் ஆளுக்கும்கூட, செடி தாகத்தில் தவிப்பதுபோலத் தோன்றும், அடியில் அது மூழ்கிக்கொண்டிருக்கும்.

யார் ஊற்றியது என்று கேட்டேன். ஒருவரும் ஊற்றவில்லை. சத்தியமாக இல்லை. “நானுங்களா? இல்லீங்க” என்றார் அம்மா. “அரிசி களுவுன தண்ணி மட்டும் காலைல சித்த ஊத்துனேனுங்க. அது சத்துதானுங்க, தண்ணியில்லீங்களே.” மாமன், காருக்குத் தண்ணீர் அடித்தபோது குழாயை அந்தப் பக்கம் கொஞ்சம் காட்டினாராம், அவ்வளவுதான். மத்தியானம் எல்லாரும் தூங்கிய பிறகு குழந்தைவேல் குழாயைப் பிடித்துக்கொண்டு செடி செடியாக நடப்பார் என்று சௌமியாதான் சொன்னாள்.

இதையெல்லாம் கூட்டினாலும் எல்லாத் தொட்டிக்கும் ஒரே கதிதானே வர வேண்டும்? கேட்டோரத்துக்கு மட்டும் ஏன் இந்தக் கதி? கேட்டுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு மோரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு கார் வந்தது. ஒறம்பரை, சொந்தபந்தம், வந்து இறங்கினார்கள். “வாங்க வாங்க” என்று அம்மா ஓடி வந்தார், கையில் சொம்பு நிறையத் தண்ணீர். நம் வீடுகளில் வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் மற்றப் பேச்சு. வந்தவர் அண்ணாந்து கொஞ்சம் குடித்தார். பாதிச் சொம்பு மிச்சம். அதை என்ன செய்வது? குடிக்கிற தண்ணீரைக் கீழே கொட்ட மனசு வருமா? பக்கத்திலேயே ஒரு செடி, பாவம், வெயிலில் நிற்கிறது. ஊற்றினார். அடுத்தவர் குடித்தார். முதல் தொட்டி ஏற்கெனவே நனைந்திருக்கிறது, பாரபட்சம் கூடாது என்று இரண்டாவது தொட்டியில் ஊற்றினார். கல்யாண வீடு. காலையிலிருந்து பொழுதுவரை கார் வந்துகொண்டே இருக்கிறது. கோயமுத்தூர், சத்தியமங்கலம், உடுமலை என்று எல்லா ஊர் ஒறம்பரையும் சேர்ந்து, இருப்பதிலேயே சிறந்த மனசோடு, என் ஜினியாவை மூழ்கடித்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பிகளே, இந்த இடத்தில் என்ன செய்வீர்கள்? நான் முதலில் நீங்கள் செய்யக்கூடியதைத்தான் செய்தேன். அட்டையில் ‘தண்ணீர் ஊற்ற வேண்டாம்’ என்று எழுதி மாட்டினேன். சத்தியமங்கலத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அதை முழுசாகப் படித்தார். படித்துக்கொண்டே ஊற்றினார். நான் எழுந்து ஓடினேன்.

“போரு தண்ணிய ஊத்தக்கூடாதுங்கறீங்க, அதானுங்களே?” என்றார் அவர். “அது உப்புங்க, ஊத்தக்கூடாதுதானுங்க. இது நல்ல தண்ணிங்க, ஒண்ணும் ஆகாது.”

அட்டையைக் கழற்றிவிட்டு, செடிக்கு மருந்து வைத்திருக்கிறது என்று வாய்மொழியாகப் பரப்பினேன். அது இன்னும் மோசம். “மருந்து சூடுங்க அம்மணி, செடி தாங்காது” என்று ஓர் அத்தை உள்ளே போய் இன்னொரு சொம்பு எடுத்துக்கொண்டு வந்தார்.

அன்று மத்தியானம்தான் உச்சம். உச்சி வெயிலில் ஜினியா இலையைத் தொங்கவிடும். நல்ல செடியும் விடும், ஈரம் இருந்தாலும் விடும். இலை தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற வழி அது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாம் கண்ணயர்வது மாதிரிதான், பொழுதோட, சாயங்காலம், தானாக நிமிர்ந்துகொள்ளும். ஆனால் பார்ப்பவர்களுக்கு அது சாவு மாதிரி இருக்கும். மொத்தக் குடும்பமும் செடியைச் சுற்றி நின்றது. அம்மா கையில் குடம். நான் குறுக்கே நின்று, இனி நான் சொல்லும் வரைக்கும் ஒரு சொட்டு விழக்கூடாது என்றேன். கத்திரி வெயிலில், வாடிய செடிக்கு, கல்யாண வீட்டில். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவே மாட்டேன். ஈவிரக்கமில்லாத பொம்பளை என்று யாரும் சொல்லவில்லை. “நீங்க சொன்னாச் செரிங்க” என்றுதான் சொன்னார்கள்.

இந்த இடத்தில்தான் ஆட்டம் காணக்கூடாது. சுற்றி நிற்கிற எல்லாரும் ஒன்றைச் செய் என்று கண்ணால் கெஞ்சும்போது, செய்யாமல் இருப்பதற்குத்தான் நமக்குக் கூலி.

மறுநாள் வண்டியில் கல்வாழை கொண்டுவந்து இறக்கினேன். எங்கள் நர்சரிச் சாக்கடையோரம் சேற்றிலேயே நிற்கிற செடி அது. எவ்வளவு வெயிலுக்கும் பூக்கும், எவ்வளவு தண்ணீரையும் குடிக்கும், இன்னும் இருக்கிறதா என்று கேட்கும். அதைக் கேட்டுக்கு இரண்டு பக்கமும் பெரிய தொட்டிகளில் வைத்தேன். ஜினியா வரிசையைப் பின்னுக்கு இழுத்துப் பந்தலோரமாக நிறுத்தினேன். வேர் அழுகியதைத் தூக்கிப் போட்டேன், பிழைக்கக்கூடியதைச் சாய்த்துத் தண்ணீரை வடித்து நிழலில் வைத்தேன், குறைந்ததற்கு நர்சரியிலிருந்து புதுச் செடி வந்தது. சத்தியமங்கலத்துக்காரர்களின் நல்ல மனசை மாற்ற நான் யார்? ஆளை மாற்ற முடியாத இடத்தில் செடியை மாற்றுங்கள். ஒறம்பரை கல்வாழைக்கு வஞ்சனையில்லாமல் ஊற்றினார்கள், அதுவும் வஞ்சனையில்லாமல் பூத்தது.

ஆனால் குழந்தைவேலை என்ன செய்வது? அவர் வெளியாள் இல்லை, வீட்டுக்காரர். சாயங்காலம் அவரைக் கூட்டிக்கொண்டுபோய், அவர் விரலைப் பிடித்து, செடியைப் பிடுங்கிப் போட்ட ஒரு தொட்டியில் விட்டேன்.

“சேறுங்க” என்றார் திகைத்துப்போய்.

“நீங்க ஊத்துனதும் இருக்குதுங்க அதுல.”

சேற்று விரலை வேட்டியில் துடைத்தார். “அம்மணி வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதானுங்க. அது வாடுனா மனசு தாங்கலீங்க” என்றார்.

எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. “அம்மணி கேட்டது அம்மணிக்குக் கெடைக்கோணும்னா, ஒரு ஆளுகிட்டயாச்சு நீங்க வேண்டாம்னு சொல்லியாகோணுங்க. தண்ணிக்குஞ் சேத்தித்தான், மயிலுக்குஞ் சேத்தித்தான்” என்றேன்.

“செரிங்க” என்றார். இதற்கும் செரிங்க. நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மயில்கள் வந்து இறங்கின. பொடக்காளியில், அதாவது வீட்டுக்குப் பின்பக்கத்தில், சுவரோரமாக நிறுத்தினார்கள். “அங்க நின்னுட்டுப் போகட்டுங்க” என்றார் மாமன். “மத்தியானம் சம்பந்தி ஊட்டோட போட்டோ எடுக்கறப்பச் செடி வாடிக் கெடந்தா, ஆர்ச்சக் கொண்டாந்து முன்னால நிறுத்திப்போடறேனுங்க. ஏனுங்க மச்சான்?” குழந்தைவேல், “செரிங்க மச்சான்” என்றார். சௌமியா மருதாணிக் கையை விரித்தபடி அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜினியா மத்தியானம் வாடித்தான் தீரும், அதை என்னால் நிறுத்த முடியாது.

முகூர்த்தம் காலையில் அருமையாக நடந்தது. இரண்டு பக்கமும் பூ நிமிர்ந்து நிற்க, நடுவில் பெண் நடந்து வந்ததைப் பார்க்கக் கண் போதவில்லை. ஒறம்பரைகள் என்னிடமே வந்து, பிளாஸ்டிக் பூ அசலாட்டவே இருக்குதுங்க, எங்க வாங்குனீங்க என்று கேட்டார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பந்தி முடிந்து போட்டோவுக்குக் கூடினார்கள். உச்சி வெயில். ஜினியா இலையைத் தொங்கவிட்டது. மாமன் கையைக் காட்டினார், ஆட்கள் மயிலைத் தூக்கிக்கொண்டு பொடக்காளியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, ஆனைமலைக்காரர், இவரும் தோப்புக்காரர், இவரும் நல்ல மனசுக்காரர், அதைப் பார்த்துவிட்டு, “மயிலு எதுக்குங்க? ஒரு கொடம் தண்ணி ஊத்துனா நிமுந்துக்கும்” என்று சொல்லி, பந்தியோரம் இருந்த குடத்தைத் தானே தூக்கிவிட்டார். அவரைப் பார்த்து அவர் பங்காளிகளும் ஆளுக்கொரு குடத்தைத் தேடினார்கள்.

இப்போதுதான் ஈரம் வடிந்து தேறிவரும் வேர். அந்தச் சூட்டில் குடம் குடமாகத் தண்ணீர் விழுந்தால் சாயங்கால வரவேற்புக்கு ஒரு செடி நிற்காது. மயில்தான் நிற்கும். நான் ஓடினேன். முட்டி ஒத்துழைக்கவில்லை. ஓடி என்ன பயன், சம்பந்தியிடம் நான் என்ன சொல்ல முடியும்?

குழந்தைவேல் எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. புது வேட்டியோடு தொட்டிக்கும் குடத்துக்கும் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

“வேண்டாமுங்க சம்பந்தி” என்றார். “ஊத்தாதீங்க.”

பெண்ணைப் பெற்றவர், தாலி கட்டி முடிந்த அன்றைக்கே, மாப்பிள்ளையைப் பெற்றவர் ஆசையாக நீட்டிய கையைத் தடுக்கிறார். சமையல்காரர் கரண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். சௌமியாவின் அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். மாமனுக்கு முகமே செத்துவிட்டது.

“எம் பொண்ணு ஆசப்பட்டு வெச்சதுங்க. இப்ப வாடும், பொழுதோட எந்திரிச்சுக்கும். ஊத்துனாச் செத்துப்போயிருமுங்க.” விரித்த கையை இறக்கவில்லை. அதே வேகத்தில் மாமன் பக்கம் திரும்பி, “மயிலும் வேண்டாங்க மச்சான்” என்றார்.

சம்பந்தி குடத்தை மெதுவாகக் கீழே வைத்தார். செடியைப் பார்த்தார். குழந்தைவேலைப் பார்த்தார். மறுபடி செடியைப் பார்த்தார்.

“ஏனுங்க” என்றார் தாழ்ந்த குரலில், “எங்கூட்டுச் செடியெல்லாம் இதனாலதான் செத்துதுங்களா?”

அவர் மனைவி கூட்டத்திலிருந்து, “நான் வருசக்கணக்காச் சொல்லீட்டு இருக்கறனுங்க” என்றார். பந்தல் மொத்தமும் சிரித்தது. சம்பந்தியும் சிரித்தார். மாமன் கடைசியாகச் சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து, வெயிலில் பாதி வழியில் நின்றுகொண்டிருந்த ஒரு மயிலுக்குக் கழுத்துப் பசை இளகித் தலை முன்னால் கவிழ்ந்துவிட்டது. தூக்கி வந்தவர்கள் நிமிர்த்திப் பார்த்தார்கள், மறுபடியும் கவிழ்ந்தது. “அத அக்கட்டால கொண்டு போங்கப்பா” என்றார் மாமன், அந்தப் பக்கம் பார்க்காமலே. வெயில் இறங்கியதும் ஜினியா ஒவ்வொன்றாக நிமிர்ந்துகொண்டது. மயில் நிமிரவில்லை.

வரவேற்பு முடிந்து, பெண்ணை ஆனைமலைக்கு அனுப்புகிற நேரம். கார் கிளம்பத் தயாராக நின்றது. நான் தொட்டிகளை எண்ணிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன், ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்காதீர்கள். குழந்தைவேல் ஒரு தப்பு செய்தவரைப்போல மகளின் எதிரே வந்து நின்றார்.

“சம்பந்திகிட்டயே அப்பிடிச் சொல்லிப்போட்டனே, தப்பாயிருச்சா சாமி?”

“இல்லீங்கப்பா” என்றாள் சௌமியா. “நான் கேட்டதுக்காக நீங்க ஒருத்தர்கிட்ட வேண்டாம்னு சொல்லி இன்னிக்குத்தானுங்க பாக்கறேன். இன்னொருக்காச் சொல்லுங்க, கேக்கோணும்.”

அவர் சொல்லப் பார்த்தார். ‘வேண்’ வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. அவர் சொல்கிற வரைக்கும் ஏறமாட்டேன் என்று அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். என்ன தாமதம் என்று பார்க்க வந்த சம்பந்தி, இருவரையும் பார்த்துவிட்டு, டிரைவரிடம் காரை அணைக்கச் சொன்னார்.